ஐயம் வேறு, நோய் வேறு

(ஆவுடையார்கோவிலில் இளைஞர் மன்றத்தினரும் மகளிர் குழுவினரும் கூடிய நல்வாழ்வுக் கூட்டத்தில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்றால் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், உரம், விதை என்று பேசுவது நம் வழக்கம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் மேடையில் ஒருவரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அதைக் குறித்துத் தாய் மகனிடம் கேட்பதில்லை. மகன் தந்தையிடம் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பால்வினை நோய்களைப் பற்றிய அச்சமே அது. நோயைக் குறித்து மட்டும் நான் பேச வரவில்லை. நோய் வராதவரையும் வாட்டி எடுக்கின்ற வீண் கவலையைக் குறித்தே இன்று சிறப்பாகப் பேச விரும்புகிறேன்.

இவ்வூருக்கு வருவோர் முதலில் ஆத்மநாத சுவாமி திருக்கோயிலின் கொடுங்கையை அண்ணாந்து பார்க்கின்றனர். மரச்சட்டம் போலவும், அதில் ஆணி அறைந்தது போலவும் தோன்றுகிறது. கல்லென்று சொன்னால் புதியவர் நம்புவதில்லை. கண் ஒன்றைச் சொல்கிறது. உண்மை வேறொன்றாக இருக்கிறது. உடலிலே தோன்றும் குறிகளும் பல சமயங்களில் இப்படித்தான். கண்ணால் பார்த்தும் மனத்தால் எண்ணியும் முடிவு கட்டுவோர் ஏமாந்துபோவர். ஆராய்ந்து பார்ப்பவரே உண்மையை அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் அறம். எச்.ஐ.வி. தொடர்பான செய்தியாயின் அது சட்டமும் ஆகும். அவர் வேலை நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார். அங்கே ஒரு பெண்ணுடன் ஒரே ஒரு முறை உறவு கொண்டார். ஆணுறை அணிந்திருந்தார், அது கிழியவும் இல்லை, நழுவவும் இல்லை. ஊர் திரும்பிய பத்தாம் நாள் தொண்டை வலித்தது. மறுநாள் உடம்பு சுட்டது. நாக்கில் வெண்மை படிந்திருப்பதாகத் தோன்றியது. "வந்துவிட்டது" என்று அவர் மனம் தீர்ப்புக் கூறிவிட்டது.

அதன்பின் நடந்தது யாது? விடுதி அறையில் தங்கி வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் சென்றார். அந்த ஆள் நாடியைப் பிடித்துப் பார்த்து, "நோய் எலும்பில் இறங்கிவிட்டது" என்றாராம். பொடிக்கும் லேகியத்திற்கும் பணம் கொடுத்துக் கொடுத்து, இரண்டு கறவை மாடுகள் விற்ற தொகை தீர்ந்தது. வீட்டில் நிச்சயம் செய்ய இருந்த திருமணத்தை வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. மகனுக்குக் காத்துக் கருப்பு பிடித்துவிட்டதோ என்று தாயார் கோயில் கோயிலாக அலைந்தார். இதற்கிடையில் வெவ்வேறு ஊர்களில் பதினோரு முறை இரத்தம் சோதித்துக்கொண்டார். பதினோரு முறையும் "நோய் இல்லை" என்றே முடிவு வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், "ஊசி மாற்றியிருப்பார்களோ, சீட்டு மாறியிருக்குமோ" என்ற ஐயம். இறுதியில் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரைக்கும் சென்றுவிட்டார். அந்த நிலையில்தான் நண்பர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

நண்பர்களே, அவருக்கு நோய் இல்லை. ஆயினும் இரண்டு மாடுகளும், ஒரு திருமணமும், ஓராண்டு உழைப்பும் போயின, உயிரும் போகவிருந்தது. இந்த நஷ்டத்தை உண்டாக்கியது எந்தக் கிருமி? அறியாமை என்னும் கிருமியே.

இத்தகைய அச்சம் நம் நாட்டில் எங்ஙனம் வளர்ந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா அவர்களும் சேகரித்த இரத்த மாதிரிகளில், இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சோதனைக்கூடம் அதற்கு உதவிற்று. அந்நாளில் இந்நோய்க்கு மருந்து இல்லை. ஆதலால் "எய்ட்ஸ் என்றால் மரணம்" என்ற செய்தி ஊரெங்கும் சுவரொட்டிகளாய் ஒட்டப்பட்டது. மண்டையோட்டுப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அச்சுறுத்தினால் ஜனங்கள் திருந்துவர் என்று அன்று எண்ணினர். சிலர் எச்சரிக்கை அடைந்தனர் என்பதும் உண்மை. ஆனால் அச்சம் மட்டும் மனத்தில் தங்கியது, அறிவு தங்கவில்லை.

பின்னர் காலம் மாறியது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றிற்று. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. இன்று நாள்தோறும் ஒழுங்காக மருந்து உண்பவர் மற்றவரைப் போல நெடுங்காலம் வாழ்கிறார். உழுகிறார், நெய்கிறார், பிள்ளை வளர்க்கிறார். மருந்தினால் இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் அவர் பிறருக்கு நோயைத் தருவதில்லை என்பதும் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டுள்ளது. அச்சத்தின் சுவரொட்டி பழையதாகிவிட்டது. நாம்தான் அதை மனத்திலிருந்து இன்னும் கிழிக்கவில்லை.

மற்றைய பால்வினை நோய்களுக்கும் நெடிய வரலாறு உண்டு. மேகம், வெட்டை, கிரந்தி என்றெல்லாம் நம் முன்னோர் அவற்றை வழங்கினர். சென்னையில் டாக்டர் ஆர். வி. இராஜம், டாக்டர் ரங்கையா ஆகியோர் இந்நோய்களைப் பற்றி ஆராய்ந்து, டொனோவனோசிஸ் என்னும் புண்நோயைக் குறித்து எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954-இல் வெளியிட்டது. ஒரு காலத்தில் நம் கீழைக் கடற்கரைப் பகுதிகளில் காணப்பட்ட அந்நோய் இன்று மிக அரிதாகிவிட்டது. சிபிலிஸ் என்னும் கிரந்தி நோயைப் பெனிசிலின் தீர்க்கும் என்பது 1943-இலேயே தெரிந்துவிட்டது. இன்றும் அதற்கு அம்மருந்தே சிறந்தது. ஆகவே, இந்நோய்களில் பெரும்பாலானவை முற்றும் தீர்க்கக்கூடியவை. எஞ்சியவை மருந்தினால் அடக்கி வைக்கக்கூடியவை. எதுவும் சாபம் அன்று.

இனி, எதனால் நோய் தொற்றும், எதனால் தொற்றாது என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறேன்.

ஒரே தட்டில் உண்பது, ஒரே குவளையில் நீர் அருந்துவது, கை குலுக்குவது, கட்டித் தழுவுவது, ஒரே குளத்தில் குளிப்பது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, கொசு கடிப்பது ஆகிய எவற்றாலும் எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. வியர்வையாலும் கண்ணீராலும் தொற்றுவதில்லை. சாதாரண முத்தத்தாலும் தொற்றுவதில்லை. உதட்டிலோ வாயிலோ புண் இருக்கும்போது முத்தமிட்டால் அக்கிக் கொப்புளமும், சில வேளைகளில் சிபிலிஸும் பரவலாம். அவை வேறு நோய்கள், அவற்றுக்கு வேறு மருந்துகள் உண்டு. சிகைக்காரரிடம் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு கேட்பது நல்ல பழக்கம். கல்லீரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமியாகிய ஹெப்படைடிஸ் 'பி' காய்ந்த இரத்தத்தில் ஒரு வாரம் வரை உயிருடன் இருக்கும். ஆதலால் அப்பழக்கம் வேண்டும். அதற்குத் தடுப்பூசியும் உண்டு.

ஆணுறை ஒழுங்காக அணிந்து, கிழியாமல் இருந்தால், எச்.ஐ.வி., வெட்டை நோய் ஆகியவற்றை அது மிகப் பெரும் அளவில் தடுக்கிறது. உறை மூடாத தோலிலே புண் இருந்தால் சிபிலிஸ், அக்கி, மரு ஆகியவை சிறிதளவு பரவக்கூடும். ஆதலால் எச்சரிக்கை வேண்டும், பீதி வேண்டாம். வாய்வழி உறவில் எச்.ஐ.வி. தொற்றுவது மிக மிக அரிது. ஆனால் வெட்டை, சிபிலிஸ் ஆகியவை அவ்வழியாகவும் பரவலாம்.

எண்ணிக்கையாகவும் ஒன்று சொல்வேன். எச்.ஐ.வி. உள்ள, மருந்து உண்ணாத ஒரு பெண்ணுடன், பாதுகாப்பின்றி, ஓர் ஆண் ஒரு முறை உறவு கொண்டால் தொற்றுவதற்குள்ள வாய்ப்பு, பதினாயிரம் முறைக்கு ஏறத்தாழ 4 என்று கணக்கிட்டுள்ளனர். பெண்ணுக்கு அது ஏறத்தாழ 8. நம் நாட்டிலோ, அண்மை ஆண்டுகளின் மதிப்பீடுகளின்படி, ஆயிரம் பெரியவர்களில் ஏறத்தாழ இருவருக்கே எச்.ஐ.வி. உள்ளது, அவர்களிலும் பெரும்பாலோர் மருந்து உண்கின்றனர். இதைக் கேட்டு, "அப்படியானால் பயமே வேண்டாம், உறையும் வேண்டாம்" என்று எவரும் எண்ணிவிடாதீர்கள். சிறிய வாய்ப்பும் பலமுறை திரும்பினால் பெரிதாகும். உடலில் புண் இருந்தால் அது கூடும். மற்ற நோய்கள் இதைவிட எளிதாகத் தொற்றும். நான் சொல்ல வந்தது, நடந்த ஒரு நிகழ்ச்சியை அதன் அளவுக்கு மட்டுமே எடைபோட வேண்டும் என்பதே. நெல்லை நிறுக்கும் தராசில் மலையை வைக்கலாகாது.

"தொண்டை வலித்ததே, காய்ச்சல் வந்ததே, களைப்பாக இருக்கிறதே" என்று கேட்பவர் பலர். இவை நூறு காரணங்களால் வருபவை. கவலை மிகுந்தால் உறக்கம் கெடும், பசி கெடும், நெஞ்சு படபடக்கும், அடிக்கடி சிறுநீர் பிரியும், உடல் இளைக்கும். கவலைப்பட்டவர் இந்த இளைப்பையே நோய்க்குச் சாட்சியாகக் கொள்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போல, பிறவி முதல் இருந்த சிறு பருவையும் அவர் புதிய புண்ணென்று காண்பார். பெண்களுக்கு வெள்ளைபடுதல் என்பதும் எல்லாச் சமயங்களிலும் பால்வினை நோய் அன்று. ஆகவே குறிகளைக் கொண்டு, "இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். குறிகள் இல்லாமையைக் கொண்டு, "இல்லை" என்றும் முடிவு செய்யாதீர்கள்.

இந்தப் பின்கூற்று மிகவும் முக்கியம். அதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். கருவுற்ற ஒரு பெண் முதல் பரிசோதனைக்கு வந்தார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது போல் இரத்தம் சோதித்தபோது சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. அவருக்கு ஒரு குறியும் இல்லை. கணவரை அழைத்து விசாரித்தபோது, ஓராண்டுக்கு முன் தமக்கு ஒரு புண் வந்ததாகவும், வலி இல்லாததாலும் தானே ஆறிவிட்டதாலும் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அந்நோயின் வஞ்சகமே அதுதான். பெரும்பாலும் மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதத்திற்குள், வலியில்லாப் புண் தோன்றும், தானே மறையும், நோயோ உள்ளே தங்கிவிடும். வயிற்றிலுள்ள குழந்தையையும் அது கொல்லக்கூடும். நல்வினையாகக் காலத்தே தெரிந்தது. இருவருக்கும் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. குழந்தை நலமாகப் பிறந்தது.

முதலில் சொன்ன இளைஞருக்கு நோய் இல்லை, அச்சம் இருந்தது. இந்தக் கணவருக்கு நோய் இருந்தது, அச்சம் இல்லை. இருவரும் செய்த தவறு ஒன்றே. உரிய இடத்திற்கு உரிய நேரத்தில் வரவில்லை. வெட்கம் இருவரையும் தடுத்தது.

அவ்வாறாயின் செய்ய வேண்டுவது யாது? வரிசையாகச் சொல்கிறேன், இளைஞர்கள் மனத்தில் கொள்க.

முதலாவது, உண்மையிலேயே ஆபத்தான உறவு நேர்ந்திருந்தால், உறை கிழிந்துவிட்டாலோ, வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ, 72 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவரை அணுக வேண்டும். தேவை என்று அவர் கருதினால் 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. ஆபத்துக் குறைந்த நிகழ்ச்சிக்கு அது வேண்டியதில்லை.

இரண்டாவது, சோதனைக்குக் காலம் உண்டு. விதைத்த மறுநாளே முளையைத் தேடி மண்ணைக் கிளறும் உழவர் உண்டா? கிருமி புகுந்தாலும் இரத்தத்தில் அதன் அடையாளம் தோன்றச் சில வாரங்கள் செல்லும். ஆறு வாரம் கழித்து ஒரு சோதனை, மூன்று மாதம் நிறைந்ததும் மற்றொரு சோதனை, இவை போதும். இடையில் புதிய ஆபத்து நேராதிருக்க, மூன்று மாதத்திற்குப் பின் "இல்லை" என்று வந்தால் இல்லைதான். அதற்குமேல் பத்து முறை சோதிப்பது நோயைத் தேடுவதன்று. கவலைக்குத் தீனி போடுவது. சிறுநீர் எரிச்சல், சீழ், புண் ஆகியவை இருந்தால் மட்டும் காத்திராமல் அன்றே வரவேண்டும். அந்த முடிவு வரும்வரை மனைவியிடமோ கணவனிடமோ ஆணுறை இன்றி உறவு வேண்டாம்.

மூன்றாவது, சோதனைக்குரிய இடம் எது? அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயரில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் இலவசமாக நடைபெறுகின்றன. பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையங்கள் உள்ளன. அறந்தாங்கி அரசு மருத்துவமனையும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. இரத்தம் எடுக்குமுன் ஆலோசகர் உங்களுடன் தனியே பேசுவார். முடிவு தெரிந்தபின்னும் பேசுவார். ஒரு சோதனையில் மட்டும் "உண்டு" எனத் தெரிந்தால் அதை முடிவாகக் கொள்வதில்லை. வெவ்வேறு முறையில் மூன்று சோதனைகள் செய்தே உறுதி சொல்வர். நேரில் வர மனம் கூசினால் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

நான்காவது, சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் இசைவு இன்றிச் சோதனை செய்யலாகாது என்கிறது. அவர் நிலையை வெளியிடலாகாது என்கிறது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவத்திலும் அவரை ஒதுக்கலாகாது என்கிறது.

ஐந்தாவது, சுவரிலும் கைபேசியிலும் "ஒரே வாரத்தில் குணம்" என்று விளம்பரம் செய்வோரை அணுகாதீர்கள். பால்வினை நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. முறையாகப் பயின்ற சித்த மருத்துவரை நான் குறை கூறவில்லை. அவர்களும் அரசு மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். பெயரும் முகவரியும் இல்லாமல் விடுதிக்கு விடுதி மாறுவோரையே சொல்கிறேன்.

ஆறாவது, சோதனை முடிவு நல்லபடி வந்தும் மனம் அடங்கவில்லை என்றால், மருத்துவம் வேண்டியது இரத்தத்திற்கன்று, மனத்திற்கே. அது பைத்தியம் அன்று. கால் சுளுக்குவது போல் மனமும் சுளுக்கும். 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ பேசலாம். மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். உயிரை விடும் எண்ணம் தோன்றினால் ஒரு மணி நேரமும் தாழ்த்த வேண்டாம். அருகிலுள்ளவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த இளைஞரை நான் பலமுறை கண்டு பேசினேன். நோயைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் குறையக் குறைய, ஒரு நாள் அவர் வேறொன்றைச் சொன்னார். "ஐயா, நான் அஞ்சியது நோய்க்கன்று, நான் செய்ததை அம்மா அறிந்தால் என்ன நினைப்பார் என்றே அஞ்சினேன்" என்றார். உண்மை அதுவே. குற்ற உணர்ச்சி நோயின் வேடம் தரித்து வந்திருந்தது. அந்த வேடத்திற்கு எந்தச் சோதனைக்கூடத்திலும் மருந்து இல்லை. நடந்ததை உள்ளபடி ஒருவரிடம் சொல்லி, இனி இப்படி நடவேன் என்று தமக்குத் தாமே உறுதி கூறியபின்தான் அவர் உறங்கினார். இன்று அவர் தம் வயலைத் தாமே பார்க்கிறார்.

ஆகவே பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை திடீரென்று உண்ண மறுத்தால், திருமணத்தை வேண்டாம் என்றால், "என்னப்பா செய்கிறது?" என்று ஒரு முறை அமைதியாகக் கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள். கணவர் தொலைநாட்டில் பணிபுரியும் தாய்மார்களே, உங்களுக்கு ஐயம் எழுந்தால் அதைக் கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் உங்கள் இரகசியத்தைக் காப்பார்.

இத்தலத்தில் இறைவனுக்கு உருவம் இல்லை. ஆவுடையாரை மட்டும் கண்டு, உருவமற்ற பொருளை வணங்குகிறோம். அது மெய்யுணர்வு. ஆனால் உருவமற்ற அச்சத்தை நெஞ்சிலே பீடமிட்டு அமர்த்தி, அதற்கு ஊணையும் உறக்கத்தையும் படைப்பது மெய்யுணர்வு அன்று. அச்சத்திற்கு ஓர் உருவம் கொடுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எப்போது சோதிப்பது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று வரியில் அடங்கிவிடும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கிறது, உங்களை யாரும் ஏன் வந்தீர் என்று ஏளனம் செய்ய மாட்டோம்.